பழைய எண் ஒன்பதின் பேய்

ஜூன் 3, 2025, செவ்வாய்

விடைத்தாள் கட்டை இன்று திருப்பி அனுப்பினேன். கல்லூரி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மாடித் தொட்டி மறுபடி கசிகிறது.

பதினோரு மணிக்கு மொஹ்சின் என்பவர் வந்தார். வண்ணாரப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். எங்கள் ராயபுரத்தில் சாவு விழுந்தால் பந்தலுக்கு அடுத்தபடியாக வருவது அவருடைய கேமராதான். துபாயில் இருக்கும் மகன் நேரலையில் பார்க்க வேண்டுமே. பதினெட்டு வருடம் பிறர் வீட்டு விசேஷத்தை எடுத்தவர் இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கப் போகிறார். பேய்ப் படம். முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. அந்த வீடு என் வீடாக இருக்க வேண்டுமாம்.

"இந்த வூட்ல எதுனா நடந்துகீதா டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டார்.

எண்பது வருடமாக இங்கே எல்லோரும் முறையாக நோய் வந்துதான் செத்தார்கள் என்றேன். முகம் விழுந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, நாமளே பண்ணிக்கலாம்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பேய் இருக்கிறது என்று சொல்பவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். பண்ணிக்கொள்ளலாம் என்று சொன்ன முதல் ஆள் இவர். சரி என்றுவிட்டேன்.

ஏன் சரி என்றேன்? வீட்டுக்குள் தபால்காரரைக்கூட விடாதவள் நான்.

ஜூன் 5, வியாழன்

படத்தின் பெயர் 'பழைய எண் ஒன்பது'. எங்கள் கதவில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதிய எண் இருபத்தொன்றின் மேல் மொஹ்சினின் தங்கை தஹ்சீன் சுண்ணாம்பைப் பூசிவிட்டாள். தபால் எப்படி வரும் என்று கேட்டேன். "பேய் வூட்டுக்கு எவன் மிஸ் லெட்டர் போடப் போறான்" என்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஒன்பது பேர், ஒரு கேமரா, நான்கு விளக்கு. உடை, ஒப்பனை, சாமான், சாப்பாடு எல்லாமே தஹ்சீன்தான்.

கதையைச் சொன்னார்கள். ரெஜினா என்று ஒரு பெண் சாகிறாள். தன் சாவுக்கு யார் யார் வரவில்லை என்று பேய் குறித்துவைத்துக்கொள்கிறது. அப்புறம் அவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு வரவழைக்கிறது. பேயை நம்பாத எனக்கே இதில் நியாயம் தெரிகிறது. இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள். சாவுக்கு வராதவனை மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள்.

மதியம் முழுவதும் நாற்காலியோடு போராட்டம். அப்பாவின் தேக்கு நாற்காலி தானாகவே கூடத்தின் குறுக்கே நகர வேண்டும். கயிறு கட்டி இழுத்தார்கள். முதலில் அசையவில்லை. அப்புறம் தவளை மாதிரி குதித்தது. மூன்றாம் முறை குப்புற விழுந்தது. மொஹ்சின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். முதுகில் கட்டாதீர்கள், காலில் தரையோடு ஒட்டிக் கட்டுங்கள் என்றேன். நிற்கும் பொருளைக் கிளப்ப அதிக விசை வேண்டும், கிளம்பிய பிறகு குறைவாகவே போதும், அதனால்தான் குதிக்கிறது, நான்கு காலிலும் மெழுகு தேயுங்கள் என்றேன். இருபத்திரண்டு வருடமாக உராய்வுப் பாடம் நடத்துகிறேன். முதல் தடவையாக ஒன்பது பேர் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

கயிறு கேமராவில் தெரிகிறது என்றாள் தஹ்சீன். அதற்கு நான் ஒரு வழி செய்கிறேன் என்றேன்.

நானா சொன்னேன்?

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே காசிமேடு. வழக்கமாக மீன் வாங்கும் பச்சையம்மாவிடம் போய் தங்கூஸ் நரம்பு, அதுதான் நைலான் தூண்டில் நூல், எங்கே கிடைக்கும் என்றேன். தூண்டில் போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். நாற்காலியை இழுக்க என்றதும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பத்து கிலோ வஞ்சிரத்தயே இஸ்துகினு வரும் டீச்சரம்மா. உன் நாக்காலி இன்னாத்துக்கு ஆவும்?"

ஆயிற்று. மெழுகு தேய்த்த காலோடு, கண்ணுக்குத் தெரியாத நரம்பில், அப்பாவின் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. மெதுவாக, ஒரே சீராக, யாரோ உட்கார்ந்துகொண்டு போவது மாதிரி. கதாநாயகி வசனத்தை மறந்து நிஜமாகவே அலறினாள். அதையே வைத்துக்கொண்டார்கள். நரம்பின் மறுமுனை என் கையில் இருந்தது. கதவுக்குப் பின்னால் குந்தியபடி இழுத்தேன். முடிந்ததும் இன்னொரு தடவை இழுக்கட்டுமா என்று நானே கேட்டேன்.

இத்தனை வருடத்தில் எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

திரைச்சீலை, விளக்கு, கதவு, நாற்காலி. இதுவரை நான்கு பேய் செய்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மொஹ்சின் கலங்கிப்போயிருக்கிறார். படமே சாவுக் காட்சியில்தான் தொடங்குகிறது. பந்தல் கொள்ளாத கூட்டம் வந்தால்தான், வராத ஒரு சிலர் மேல் பேய்க்குக் கோபம் வரும். ஆனால் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டும் பதினான்கு பேர்தான் தேறுகிறார்கள். பந்தல்காரர் திங்கள் காலை மட்டும்தான் தருவார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் படம் இல்லை என்று சொல்லிவிட்டு, டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

தஹ்சீன் செத்தவளின் படம் தேடினாள். அலமாரி மேலிருந்த என் பட்டமளிப்பு விழாப் படத்தைக் காட்டி, இந்த முகம் யாரையும் மன்னிக்காத முகமாக இருக்கிறது, தருவீர்களா மிஸ் என்றாள். கொடுத்தேன். பெட்டிக்குள்ளும் நீங்களே படுத்துவிட்டால் முகம் பொருந்தும் என்றாள். அதற்கும் சரி என்றேன். பதினைந்து நிமிடம் அசையாமல் படுப்பதில் என்ன இருக்கிறது?

மாலையில் அக்கா ஞாபகம் வந்தது. மன்னிக்காத முகம் என்று அந்தப் பெண் சொன்னதால்தான். எட்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, பிலோமி அக்கா எர்ணாவூரிலிருந்து ஒரு ஜெபக் குழுவை அழைத்து வந்தாள். பன்னிரண்டு பேர், கஞ்சிரா வேறு. நான் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். அன்று மாலை நான்கு மணிக்கு அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள்: நீ கீற வூட்ல என் கால் படாது. பட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. எர்ணாவூர் இங்கிருந்து அரை மணி நேரம்.

நான் செய்தது தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படியென்றால் ஏன் இதை எழுதுகிறேன்?

ஜூன் 14, சனி

சவப்பெட்டி வந்துவிட்டது. மூலக்கொத்தளத்துக் கடையில் தஹ்சீன் வாடகைக்குக் கேட்டதற்கு, "பொட்டி எட்துகினு போனவன் எவனும் திருப்பிக் குடுத்ததில்லம்மா" என்றார்களாம். சாப்பிடும்போது இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரை மணிக்குப் பெட்டியில் படுத்தேன். மூக்கில் பஞ்சு, கையில் ஜெபமாலை. ஒரே ஓட்டமாக எட்டு நிமிடம் எடுக்கப் போவதாக மொஹ்சின் சொன்னார். கேமரா ஓடும்போது யாரும் பேசக் கூடாது, 'கட்' சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. தலைமாட்டில் பச்சையம்மா. ஒப்பாரிக்கு அவளைவிட்டால் ஆளில்லை என்று நான்தான் அழைத்து வந்திருந்தேன்.

தொடங்கியது. "வெல பேசாத மகராசி" என்று பச்சையம்மா எடுத்தபோது சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு காலடிச் சத்தம் வரத் தொடங்கியது. நிறைய. பதினான்கு பேர் இப்படி நடக்க முடியாது. மொஹ்சின் எப்படியோ ஆள் பிடித்துவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது. மார் மேல் ஒரு மாலை விழுந்தது. ரோஜா. நிஜ ரோஜா. இவ்வளவு செலவு எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு பெண் குரல் பக்கத்தவளிடம் தாழ்ந்து சொன்னது: "சிரிச்சே பாத்ததில்லடி. ஆனா எம் பொண்ணு பிசிக்ஸ்ல பாஸானது இந்தம்மாவாலதான்." வசனம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்து ஒரு ஆண், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "எனுக்கு எத்தினி மெமோ குட்துச்சு. போயிடுச்சே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கொடுத்த மெமோக்கள் மொஹ்சினின் ஆட்களுக்கு எப்படித் தெரியும்?

இவர்கள் எல்லோரும் நிஜம். எனக்காக வந்திருக்கிறார்கள். எழுந்துவிட வேண்டும். ஆனால் கேமரா ஓடுகிறது, பந்தல் இன்று மட்டும்தான், இந்த எட்டு நிமிடத்தில்தான் அவர் படம் இருக்கிறது. எழுந்திரு. வேண்டாம், இன்னும் ஒரு நிமிடம். எழுந்திரு. இப்படியே கிடந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: யார் யார் வருகிறார்கள் என்று கேட்கவும் ஆசையாக இருந்தது.

அப்புறம் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கூட்டம் விலகும் சத்தம். பெட்டியின் விளிம்பில் வளையல் இடித்தது. குளிர்ந்த இரண்டு கைகள் என் முகத்தைப் பிடித்தன.

"எட்டு வருசமா பேசலன்னா இப்டி வந்து பட்துக்குவியா நீ? ஏந்திரு. ஏந்திரிச்சி என்னாண்ட சண்ட போடு. ஏந்திருடி ஜானட்."

கண்ணைத் திறந்தேன்.

வேறு என்ன செய்திருக்க முடியும்? அக்காவின் முகம் ஒரு சாண் தூரத்தில். பின்னால் யாரோ அலறினார்கள், நாற்காலிகள் விழுந்தன, ஆய்வக உதவியாளர் சுவரேறிப் போனதாகப் பிறகு சொன்னார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. நான் பஞ்சை எடுத்துவிட்டு, "அக்கா, சினிமாக்கா" என்றேன்.

பளாரென்று ஒன்று விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் வால்டர் மாமா அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கன்னம் இன்னும் எரிகிறது. எட்டு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது இன்றுதான்.

ஜூன் 17, செவ்வாய்

எப்படி நடந்தது என்று தெரிந்துவிட்டது. ரெஜினா பெயரில் நான்கு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிதான் தஹ்சீன் கேட்டிருக்கிறாள், வாட்ஸ்அப்பில். அச்சகம் ஜோவுடையது. இந்தப் பக்கத்துச் சாவுகளுக்கெல்லாம் அடிப்பவர். என் படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கிறது. துக்கத்தில் பெயரைத் தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று அவரே திருத்தியிருக்கிறார். 'செல்வி ஜானட், எம்.எஸ்சி., எம்.பில்.' கீழே 'இங்ஙனம்: அக்காள் பிலோமி, மாமா வால்டர்.' நான்கு சுவரொட்டி எந்த வீட்டுக்குப் போதும் என்று நூறாக அடித்து, விடியும் முன்பே வழக்கமான சுவர்களில் எல்லாம் ஒட்டவைத்துவிட்டார். அதைப் பார்த்த யாரோ எர்ணாவூருக்குப் போன் செய்திருக்கிறார்கள். வந்தவர்களை அண்ணன் பிடித்த ஆட்கள் என்று தஹ்சீன் நினைத்தாள், தங்கை பிடித்த ஆட்கள் என்று மொஹ்சின் நினைத்தார். கேமராவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மொஹ்சின் கேமரா இல்லாமல் இங்கே யார் சாகிறார்கள்?

ஜோ நேரில் வந்து கைகட்டி நின்றார். "உங்க பேர நாமளே தப்பா போட்டா நல்லாருக்காதுன்னுதான் மிஸ்." திட்ட வாய் வரவில்லை. சுவரொட்டிகளை அவரும் நானும் தஹ்சீனுமாகச் சுரண்டினோம்.

எர்ணாவூருக்குப் போன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. மாமா எடுத்தார். அக்காவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டதாம். "ஒன்னியும் பேசாத ஜானட். வெச்சிடு."

ஜூன் 19, வியாழன்

மாலையில் மொஹ்சின் மடிக்கணினியோடு வந்தார். எடுத்ததைக் காட்டினார். அறுபது, எழுபது பேர். நெரிசல், மாலை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்புறம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா. அவள் கை என் முகத்தை எடுக்கும் விதம்.

இதைப் போல ஒன்றை நான் திரையில் பார்த்ததில்லை. எனக்குப் படம் தெரியாது, ஆனாலும் தெரிகிறது. இதுதான் அவர் படத்தின் உயிர்.

"நீங்க வேணாம்னா இப்பவே அழிச்சிட்றேன் டீச்சர்" என்றார். விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. முகம் செத்திருந்தது.

அது என்னுடையது இல்லை, அக்காவுடையது, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். யார் கேட்பது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜூன் 22, ஞாயிறு

எர்ணாவூர் போனேன். ஷேர் ஆட்டோவில் இரண்டு முறை இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

மாமாதான் கதவைத் திறந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். விடலாமா வேண்டாமா என்று என்னையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் வழிவிட்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சுவரொட்டி கதையைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. கடைசியில் மொஹ்சின் அனுப்பிய காட்சியைப் போனில் போட்டு நீட்டினேன்.

மூன்று முறை பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நைட்டிமேல துண்ட போட்டுகினு வந்துகீறேன்" என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் சாதாரணமாகச் சொன்ன முதல் வாக்கியம். "ஒரு நல்ல பொடவ கட்டிகினு வந்திருக்கக் கூடாது?"

மாமா சமையலறைக்குள் போய்விட்டார். சிரிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "உம்மேல எனக்கு அவ்ளோ கோவம் ஜானட். எட்டு வருசமா சேத்து வெச்சது. அன்னிக்கு ஆட்டோல வரும்போது தேடிப் பாக்குறேன், ஒன்னியும் இல்ல. அதாண்டி எனக்கு ஆத்திரமே."

படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்க வேண்டிய நேரமா அது? என்னால் அவ்வளவுதான் முடிந்தது. யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். வெண்டைக்காய்க் குழம்புக்கு இருக்கச் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அக்கா இன்னும் சொல்லி அனுப்பவில்லை. கல்லூரி திறந்துவிட்டது. உயிரோடு வந்த என்னைப் பார்த்து இரண்டாமாண்டு மாணவிகள் கை தட்டினார்கள். உட்காரச் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

மாமா போன் செய்தார். "போட்டுக்க சொல்றா. மூஞ்சி மட்டும் நல்லா தெரியணுமாம்." மொஹ்சினுக்குச் சொன்னேன். தஹ்சீன் போனை வாங்கி, அண்ணன் அழுகிறார் மிஸ் என்றாள்.

எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. மாடிக்குப் போய்த் தொட்டிக் கசிவை நானே அடைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

புதுச் சிக்கல். அந்த எட்டு நிமிடம் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். அக்காவின் குரல் அதற்குள் புதைந்துவிட்டது. ஸ்டூடியோவில் மறுபடி பேச வேண்டும். வேறு ஆளை வைத்துப் பேசவைக்கலாம் என்றார் மொஹ்சின். அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது: "என் தங்கச்சிக்கு வேற எவளோ வந்து அழுவாளா?"

ரெஜினாவின் பெயரையும் ஜானட் என்று மாற்றிவிட்டார்கள். உதட்டசைவு அப்படியாம்.

ஜூலை 12, சனி. எர்ணாவூர்

நாட்குறிப்பு ராயபுரத்தில் இருக்கிறது. இது வால்டர் மாமா கிழித்துத் தந்த காலண்டர் தாள். பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வடபழனியில் சின்ன ஸ்டூடியோ. அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். குரலுக்குப் புடவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிற்கவைத்தார்கள். திரையில் அவள் என் முகத்தைப் பிடிக்கிறாள், இங்கே பேச வேண்டும். பேசினாள். ரேஷன் கடையில் கார்டு கேட்பது மாதிரி வந்தது. மறுபடி. மறுபடி. ஏழு முறை. நான் அவளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வெளிய போ. கல்லு மாதிரி முன்னாடி நின்னுகினு கீறே. உன்ன வெச்சிகினு எங்கேர்ந்து அழுவ வரும்?"

வெளியே போனேன். அந்தக் கதவு ஒலியை விடாது. சின்னக் கண்ணாடி வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்த பிறகும். அடுத்த அறையில் மொஹ்சின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது. என்ன சத்தம் என்று எனக்குக் கேட்கவில்லை. படம் வந்ததும் தியேட்டரில்தான் கேட்க வேண்டும்.

மெட்ரோவில் திரும்பினோம். சென்ட்ரலில் மாறி உட்கார்ந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள். அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏன் விரட்டினாய் என்று. அப்பாவுக்கு மூச்சு முட்டியது, பன்னிரண்டு பேர் சுற்றி நின்றால் காற்று எங்கிருந்து வரும் என்றேன்.

"ஜெபம் பண்ணா பொழச்சிருப்பாருன்னு நான் சொன்னனா? அவுங்க பாடுற பாட்டுன்னா அவுருக்கு உசுரு. கேட்டுகினே போயிருப்பாருடி."

இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. "கஞ்சிராவ மட்டும் வெளிய வெச்சிட்டு வர்றதுக்கு இன்னாக்கா?" என்றேன். என் வாயிலிருந்து 'இன்னா' வந்து எத்தனை வருடம். "அப்போ அத சொல்லியிருக்கணும்" என்றாள். "நீ கேட்டியா?" என்றேன். "நீ வாயத் தொறந்தியா?" என்றாள். எதிரில் இருந்த பெண் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டாள். மண்ணடி போனது. நான் இறங்க வேண்டிய வண்ணாரப்பேட்டை போனது. தண்டையார்பேட்டையில் அவள் அழுதாள், திருவொற்றியூரில் நான். குரலை மட்டும் இரண்டு பேரும் குறைக்கவில்லை.

விம்கோ நகரில் எல்லோரும் இறங்கிய பிறகு காவலாளி வந்து, சண்டையைக் கீழே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா என்றார். ஷேர் ஆட்டோவிலும் போட்டோம்.

இப்போது அவள் அடுப்படியிலிருந்து அன்று அப்பாவைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது தப்பு. அந்த டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.